மின்னல் படத்தின் கீழ்மூலை

ஒரு காட்டில், எந்தக் காடு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தப்பாகச் சொன்னால் வம்பாகிவிடும், பொன்னுத்தாயி என்றொரு கௌதாரி இருந்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவள் புதருக்குள் நான்கு முட்டைகள். அவை பொரிய இன்னும் ஒரு வாரம். அதுவரை எந்த வம்பும் வரக்கூடாதே என்பது அவளுடைய பெரிய கவலை. சின்னக் கவலைகளுக்குக் கணக்கில்லை.

அந்தக் கோடையில் காட்டில் எல்லோருக்கும் செல்போன் வந்துவிட்டது. சிங்கராஜா புகைப்படப் போட்டி அறிவித்தார். கோடை, வனவிலங்கு, இடிமழை என்று மூன்று பிரிவுகள். முயல் பசும்புல்லைப் பத்துக் கோணங்களில் எடுத்தது. பதினோராவது கோணத்துக்குப் புல் மிஞ்சவில்லை. மான் புலியை மிக மிக நெருக்கத்தில் எடுத்தது. படம் கிடைத்தது, மான் கிடைக்கவில்லை. ஆறுதல் பரிசைப் புலியிடமே கொடுத்தார்கள்.

பொன்னுத்தாயிக்கும் ஆசை வந்தது. ஒரு சாயங்காலம் கோடைமழை இடியோடு இறங்கியபோது, முட்டைகள்மேல் உட்கார்ந்தபடியே மின்னலைக் குறிவைத்து அழுத்தினாள். அருமையாக விழுந்திருந்தது. விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தை மட்டும், எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பயந்து காலியாகவே விட்டு அனுப்பினாள்.

மறுநாள் ஆலமரத்தடியில் கண்காட்சி. குரங்குதான் முதலில் பார்த்தது.

"ஏய், இங்க வாங்கடா! மின்னலை விடுங்க, கீழ்மூலையைப் பாருங்க!"

கீழ்மூலையில் ஒரு கருவேலம் புதர். அதற்குள் காதுகளைப் பொத்திக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் சுருட்டியபடி சிங்கராஜா.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில் யானைக்கு விக்கல் எடுத்தது.

"இதை எடுத்தவன் குடும்பத்தோடு இன்றைக்கே காட்டைவிட்டு வெளியே போகணும்!" என்று கர்ஜித்தார் ராஜா.

மந்திரி நரி நேராகப் பொன்னுத்தாயியிடம் வந்தார்.

"ஏம்மா, உன் புதருக்கு எதிர்ல எடுத்த படம் இது. யாரு எடுத்தா?"

அவள் முட்டைகள்மேல் இன்னும் அழுந்த உட்கார்ந்தாள். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பொய் சொல்லவும் பயம். அதையும் தப்பாகச் சொல்லிவிட்டால்? அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இடி விழுந்த அந்த நேரத்தில், பக்கத்துப் புற்றில் இருக்கும் நல்லபாம்பு மிரண்டுபோய் நிமிர்ந்து நின்றது.

"ஐயா, என் கண்ணால பார்த்தேன். இடி இடிச்சப்போ நம்ம நாகண்ணன்தான் படம் எடுத்தாரு."

நல்லபாம்பைக் கூப்பிட்டார்கள்.

"நீதான் படம் எடுத்தியா?"

"ஆமா, அதுல என்ன தப்பு? முட்டையை விட்டு வெளியே வந்த நாள்லேர்ந்து எடுக்கிறேன். எங்க அப்பாவும் எடுப்பாரு."

"ராஜா முன்னாலயேவா?"

"யார் முன்னால வேணா எடுப்பேன். இப்பவே எடுத்துக் காட்டட்டா?"

சிங்கராஜா பதறிப்போய் பிடரிமயிரால் முகத்தை மூடிக்கொண்டார். "எடுக்க விடாதீங்க! துரத்துங்க!"

காட்டின் எல்லையான ஆற்றைத் தாண்டும் முன் நல்லபாம்பு திரும்பிப் பார்த்தது.

"தாயி, நான் அப்படி என்னதான் தப்பு பண்ணேன்?"

"நான் படிக்காதவ அண்ணே. எனக்கென்ன தெரியும்?" என்றாள் பொன்னுத்தாயி.

ஏழாம் நாள் முட்டைகள் நான்கும் பொரிந்தன. அன்று சாயங்காலம் மறுபடியும் இடி. அவள் செல்போனின் கண்ணில் ஆலம்பாலைத் தடவி ஓர் இலையை ஒட்டினாள். குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்து அவற்றின் கண்களை மறைத்தாள். எதிர்க் கருவேலம் புதரில் யாரோ கிடுகிடுவென்று நடுங்கும் சத்தம் கேட்டது. உடனே தன் கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள். அதனால் யாராவது ஒருவர் காட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.