பேர் எழுதாத மண்ணு

ஊர் மண்ணையெல்லாம் உருட்டிப் பார்த்துச் சாதகம் சொல்கிற ஆண்டிச்சாமிக்கு, பரவையில் வாங்கிப் போட்ட சொந்த மனையில் மட்டும் ஒரு குழி தோண்ட நேரம் கிடைக்கவில்லை. "அஸ்திவாரம் போடுறப்ப கூப்பிடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி தமிழ்வாணி எழுமலைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தோட்டத்தில் மல்லிகை போடப் போகிறாள் என்றும் கேள்வி.

வாடகை வீட்டில் ஆண்டிச்சாமி தனி ஆள். மதுரையில் மண் பரிசோதனைக் கூடத்தில் பகலெல்லாம் சலித்து, அலசி, எடை போட்டுவிட்டு வந்தால் பேச ஒரு நாதியில்லை. அதனால் தமிழ்வாணி பேச்சையும் அவரே பேசிக்கொண்டார். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னா காதுல ஏறுதா?" என்று மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பார். உடனே பயந்துபோய்த் துண்டை எடுத்துக் கொடியில் போடுவார். அம்புட்டு அசல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சினன் பேயாண்டி மஞ்சப்பை நிறைய மண்ணோடு வந்து நின்றான். இந்த மண் எப்படி என்று அக்கா கேட்கச் சொன்னதாம். டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

ஆண்டிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்து மண். ஆகாதென்று சொன்னால் மல்லிகை கிடையாது. மல்லிகை இல்லையென்றால் அவளுக்கு அங்கே என்ன வேலை?

எந்த இடத்து மண் என்று எழுதாத பையை, மந்திரியே கொண்டுவந்தாலும் கூடத்து வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அவர். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. மண் இன்னும் ஈரமாக இருந்ததும் உறைக்கவில்லை. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினார். குட்டையாக வந்து பொட்டென்று உடைந்தது. களிமண் குறைவு. சரளை கலந்த செம்மண். தங்கம்.

போனை எடுத்தார்.

"வேணாம் தமிழு. பாக்கத்தான் செவப்பு, உள்ளுக்குள்ள அம்புட்டும் களர். எருக்கஞ்செடி வச்சாக்கூடக் கோவிச்சுக்கிட்டுப் போயிரும். செடி என்ன, செவரு எழுப்புனாக்கூட ஒரே மழையில பொளந்துக்கிரும்."

"நெசமாவா?"

"என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு மண்ணைப் பாத்ததில்ல."

"அது நம்ம பரவை மனை மண்ணுங்க. தம்பிதான் வாரப்ப தோண்டிக் கொண்டாந்தான். எடத்தைச் சொன்னா ஆசையில நல்லாருக்குன்னுருவீங்கன்னுதான் சொல்லல. நல்ல மண்ணுன்னா நாளைக்கே கெளம்பி வரலாம்னு பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன்."

பை மாறிப்போச்சு, கை தவறிப்போச்சு, மறுபடி பார்க்கிறேன் என்று ஆண்டிச்சாமி என்னென்னவோ உளறினார்.

"எதுக்கு? பெரிய ஆபீசரு வாயால சொன்னப்பெறகு. மனையை வித்துருவோம். நான் இங்கிட்டே மல்லி போட்டுக்கிறேன்."

போன் அடங்கியது. ஆண்டிச்சாமி கட்டிலில் உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, "சரி விடுங்க, வாரேன்" என்று தமிழ்வாணி குரலில் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் ஆண்டிச்சாமி குரல்தான் வந்தது.

அடியில் என்னவோ சில்லென்றது. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னா காதுல ஏறுதா?"

அது மட்டும் அச்சு அசலாக வந்தது.