பாதாளக்குழுவின் மூன்றாவது நாற்காலி

இந்த வருஷம் பாதாளக்குழுவின் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தே தீருவது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு சரி. இப்போது அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இந்தப் புலம்பல்.

விவரம் தெரியாதவர்களுக்காக: பிளாக் மெட்டல், டெத் மெட்டல் என்று இரண்டு வகைப் பாட்டு உண்டு. முதல் வகையில் தொண்டை கிழியக் கத்துவார்கள். இரண்டாவதில் அடிவயிற்றிலிருந்து உறுமுவார்கள். இரண்டிலும் கிட்டார் ரம்பம் மாதிரி அறுக்கும். ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. எங்கோ ஒருத்தன் கார் நிறுத்துகிற கொட்டகையில் பதிவு செய்து ஐம்பதே ஐம்பது கேசட் போடுவான். அதைத் தேடிப் பிடித்து, கேட்டு, இணையத்தில் கருத்து எழுதுகிற கூட்டம்தான் பாதாளக்குழு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேர் ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவது.

அங்கே என் பெயர் கரும்பிணம். பெயரைக் கேட்டால் குலை நடுங்கும். ஆளைப் பார்த்தால் லிஃப்ட் கம்பெனியில் புகார் எழுதிக்கொள்கிறவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பகலெல்லாம் போனில் என்னிடம் கத்துவார்கள். வீட்டுக்கு வந்து நானே பொறுக்கி எடுத்த ஆட்கள் கத்துவதைக் கேட்பேன். இவர்கள் என் மேனேஜரைக் கூப்பிடச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கருத்தை உலகத்தில் யாரும் கேட்டதில்லை. ஆபீசில் கேட்டதில்லை. வீட்டில் ஜன்னல் திரை வாங்கும்போதுகூடக் கேட்டதில்லை. பாதாளக்குழுவில் மட்டும் பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். அங்கேயும் யாரும் படிக்கவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல். குழுவுக்கு மூன்று நடுவர்கள். வருஷத்தின் சிறந்த ஆல்பம் எது என்று அவர்கள் சொன்னால் சொன்னதுதான். அவர்களில் ஒருவர் காது டாக்டரின் மிரட்டலுக்குப் பயந்து விலகினார். நாற்காலி காலியானது. எனக்கு வாழ்க்கையில் கிடைக்கக்கூடிய ஒரே நாற்காலி அது.

ஒரு சின்னச் சிக்கல். எனக்கு எழுத விஷயம் இல்லை. ‘இருண்டது, உறைந்தது, கல்லறை வாசம் வீசுவது.’ இந்த மூன்றையும் வரிசை மாற்றிப் போட்டே இருநூறு ஆல்பங்களை ஓட்டியிருந்தேன். நாலாவது சொல் வர மாட்டேன் என்றது.

அப்போதுதான் ஒரு கேசட் வந்தது. அட்டையில் பாட்டுக்குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேரோடு பிடுங்கிப் போட்ட முள்செடி ஒன்று கிடந்தது. இந்தப் பாட்டு உலகத்தில் பெயரை வரைகிற லோகோ எல்லாமே அப்படித்தான். பெயர் படிக்க முடிந்தால் மரியாதை இல்லை. நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகத் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி வேலை முடிந்து வந்தாள், கைப்பையை ஆணியில் மாட்டினாள், ஒரு பார்வை பார்த்தாள்.

“கிரால்மோத்” என்றாள்.

“என்னது?”

“அதான் எழுதியிருக்கு. ரெண்டாவது எழுத்து மண்டை ஓட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, பாருங்க.”

பார்த்தேன். இருந்தது. என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பத்தொன்பது வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவளுக்கு முள்செடியெல்லாம் அச்சடித்த எழுத்து.

கேசட்டைப் போட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“டிரம் அடிக்கிறவன் ரொம்ப அவசரத்துல இருக்கான்” என்றாள். “கிட்டார்க்காரனுக்கு அவசரமே இல்ல. பாடுறவன் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நிக்கிறான், பாவம்.”

“உனக்கு இதெல்லாம் புரியாது” என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் போனில் எழுதிக் குழுவில் போட்டேன். நாற்பத்தொரு பேர் பாராட்டினார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நான் வாங்கிய மொத்தப் பாராட்டு ஒன்பது. அதில் மூன்று நானே போட்டது.

ருசி கண்டுவிட்டேன். அவள் துணி மடிக்கிற நேரமாகப் பார்த்து, ஏதோ தற்செயலாகப் போடுகிறவன் மாதிரி ஒவ்வொரு ஆல்பமாகப் போட்டேன். உடம்பு அழுகுவதைப் பற்றியே ஏழு பாட்டு உள்ள ஒரு டெத் மெட்டல் ஆல்பம். “நாலாவது பாட்டுல சொல்ற சீழுக்கு அஞ்சு நாள் மாத்திரை போதும், இவன் எட்டு நிமிஷம் உறுமுறான்” என்றாள். எழுதினேன். மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சலாக ஒரு பிளாக் மெட்டல். “பக்கத்து ரூம்ல யாரோ அழுறாங்க. பதிவு மோசம், அழுகை நெசம்” என்றாள். அதற்கு நூற்றுப் பத்துப் பேர். தலைமை நடுவர் கிழட்டுக்கழுகே ‘கரும்பிணம் உயிர்த்தெழுந்துவிட்டது’ என்று எழுதினார். படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அவளிடம் காட்ட முடியாதே என்று இன்னும் கொஞ்சம் கலங்கியது.

நாற்காலிக்கு என் பெயரைச் சொன்னார்கள். கடைசியாக ஒரே ஒரு தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோவில். பத்து லோகோக்களைக் காட்டுவார்கள், பார்த்த மாத்திரத்தில் படிக்க வேண்டும். பாதாளக்குழுவில் அது பழைய வழக்கம். லோகோ படிக்கத் தெரியாதவன் எந்த ஆல்பத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியாதாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சரணடைந்தேன்.

“ஒரு உதவி வேணும்மா. கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல, கேமராவுல படாம உக்காந்துக்க. படம் வரும். என்ன எழுதியிருக்குன்னு அட்டையில எழுதிக் காட்டு. நான் படிச்சிடுவேன்.”

“எதுக்கு?”

சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“கரும்பிணம் நீங்கதானே?” என்றாள்.

“யார் சொன்னா?”

“கடைக்கு ஒருத்தர் காதுல ஊத்துற மருந்து வாங்க வருவாரு, எப்பவும் கருப்புச் சட்டைதான். போன்ல படிச்சுக் காட்டுனாரு. எல்லாம் நான் சொன்னது. கரும்பிணம்னு ஒருத்தர் முன்னெல்லாம் உளறிக்கிட்டிருப்பாராம், இப்பதான் ஆல்பத்தைக் காது குடுத்துக் கேக்குறாராம்.”

“அது வந்து...”

“பரவால்ல. நாளைக்கு உதவி பண்றேன். நாற்காலி கெடச்சதும் என் பேரையும் கூடச் சேத்து எழுதுங்க. ஒரு ஓரமா இருந்தாப் போதும்.”

இங்கேதான் நான் புத்தி கெட்டுப் போனேன். ஓர் ஓரம்தான் கேட்டாள். கொடுத்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷ ஏக்கம் முந்திக்கொண்டு பேசிவிட்டது.

“அங்கெல்லாம் பொண்டாட்டி பேரைப் போட்டா சிரிப்பாங்கம்மா. உனக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு உயிர்.”

“சரி” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவள் ‘சரி’ என்று சொன்னால் விஷயம் முடிந்தது என்று நம்புகிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை. திரையில் கிழட்டுக்கழுகு, நரைத்த தாடியோடு. பக்கத்துக் கட்டத்தில் இரண்டாவது நடுவர் சாம்பல்மூட்டை, சமையலறையில் உட்கார்ந்தபடி. கேமராவுக்கு வெளியே என் மனைவி, மடியில் அட்டைகள்.

முதல் லோகோ வந்தது. நசுங்கிய சிலந்தி. அட்டை உயர்ந்தது, முத்து முத்தான கையெழுத்து. படித்தேன். சரி என்றார்கள். இரண்டாவது, சரி. மூன்றாவதுக்குக் கழுகு புருவத்தைத் தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு லோகோவைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அட்டையை மட்டும் பார்த்தேன்.

நாலாவது அட்டை உயர்ந்தது.

“லாக்டுலோஸ்” என்றேன் கம்பீரமாக.

இருவரும் கேமராவுக்குக் கிட்டே வந்து என்னைப் பார்த்தார்கள். அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டெத் மெட்டல் குழுக்கள் நோய்ப் பெயரும் மருந்துப் பெயரும் வைத்துக்கொள்வது சகஜம். பெயரிலேயே ஒரு கும்மிருட்டு இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். நடுவராகப் போகிறவன் இல்லையா, ஒரு கருத்தும் சேர்த்தேன்.

“பனிப்பிரதேசத்துக் குழு. முதல் ஆல்பத்துல நல்ல இறுக்கம். ரெண்டாவதுல கொஞ்சம் இளகிட்டாங்க.”

சாம்பல்மூட்டை மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். “அது எங்க அப்பாவுக்கு மலச்சிக்கலுக்குக் குடுக்கிற மருந்துங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கரும்பிணம்,” என்றார் கழுகு, “நீங்க யாரைப் பாக்குறீங்க? அங்க யாரு இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேமராவுக்குள் வந்துவிட்டாள்.

“வணக்கம். நாலாவது படத்துல இருக்கறது மொர்தாவென். நடுவுல இருக்கற எழுத்தைத் தலைகீழா போட்டிருக்காங்க. இவர் இன்னும் படத்தையே பாக்கல.”

மிச்சம் ஆறையும் படித்தாள். ஏழாவதில் வரைந்தவன் ஒரு எழுத்தை விட்டுவிட்டான் என்று திருத்தமும் சொன்னாள். அப்புறம் கழுகு கேட்டார், ‘பதிவு மோசம், அழுகை நெசம்’ என்று எழுதியது யார் என்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேனா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். சத்தியமாக அவள் காத்திருந்தாள். நான் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“நான் சொன்னது. இவர் தட்டச்சு பண்ணுனாரு” என்றாள்.

நாற்காலியை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். என்ன பெயரில் எழுதுவீர்கள் என்று கேட்டதற்கு, “பேரெல்லாம் எதுக்கு, மருந்துக்கடைன்னு போட்டுக்குங்க” என்றாள். சமீபத்தில் இவ்வளவு இருண்ட பெயரைக் கேட்டதில்லை என்று சாம்பல்மூட்டை உருகினார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாரம் பதினைந்து ஆல்பம் வருகிறது, அவள் பெயருக்கு. அவள் சோபாவில் கண்ணை மூடிக் கேட்கிறாள். நான் துணி மடிக்கிறேன். நாளெல்லாம் மாத்திரை அட்டை வெட்டி அவளுக்கு விரல் வலி. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்கிறேன். காதுச்சொட்டு மருந்துக்காரர் அவள் கையெழுத்து வாங்கிப் போனாராம்.

போன வாரம் அவள் சொன்ன கருத்துக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல், என் வரி ஒன்றைச் செருகினேன். பன்னிரண்டு வருஷம் எழுதிய கை. சும்மா இருக்க முடியவில்லை. ஓர் ஓரம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் வாங்கிப் படித்தாள். சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த ஒரு வரி மட்டும் பாட்டைக் கேக்காத ஆளு எழுதுன மாதிரி இருக்கு. எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன்.