பதுளைக்கு ஒரு ஆள்

"தோக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்டா. அது நீதான்" என்றார் சின்னராசா கங்காணி.

கணபதி மண்வெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன் அவன். பதினோரு வருடத்தில் கங்காணி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது மூன்றே தடவை. மூன்று தடவையும் அடி விழுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். கூலி ஜனங்களின் குறையைக் கேட்க வேண்டும் என்று பதுளைப் பட்டணத்தில் ஒரு அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. தோட்டத்துக்கு ஒருவர் போய் அவரிடம் பேச வேண்டும். அந்த ஒருவரை ஜனங்களே பொறுக்கி எடுக்க வேண்டும். சீமையிலிருந்து வந்து ஆறு மாதமே ஆகியிருந்த தொரைக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கங்காணி தன் பேரைக் கொடுத்ததும், "ஒரு ஆள் மட்டும் நிண்டா தேர்தல் இல்லே. இன்னோரு ஆள் கொண்டு வா" என்று தொரை சொல்லிவிட்டார்.

"தவறிப்போய் நான் ஜெயிச்சிட்டா என்னாங்க செய்றது?"

"அன்னைக்கே பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தோட்டத்த விட்டு வெளிய போயிரணும். வேற எந்தத் தோட்டத்துலயும் ஒன்னயச் சேக்காத மாதிரி நான் பாத்துக்குவேன்."

கணபதி கூலி லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து பெண்டாட்டி பெரியாயியிடம் சொன்னான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே யோசித்தாள்.

"காம்பரா காம்பராவாப் போயி, எனக்குப் போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துரு."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஐந்து லயத்திலும் ஒரு காம்பரா விடாமல் ஏறி இறங்கினான். "கங்காணிக்கே போடுங்க. என்னைய விட்டுருங்க" என்று கும்பிட்டான். மறுநாள் காலையில் கங்காணி கூப்பிட்டு அனுப்பினார்.

"வீடு வீடாப் போயி கேக்குறியாமே?"

"ஒங்களுக்குத்தாங்க கேட்டேன்."

"எனக்குக் கேக்குறதுக்கு நீ யாருடா?"

நான்காவது தடவையும் அடி விழுந்தது.

அந்த வாரம் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போகுமுன் ஜனங்கள் வரிசையில் நின்றபோது, தொரை தமிழிலேயே விளக்கம் சொன்னார். "பதுளைக்கு ஒரு ஆள் அனுப்புறது. சர்க்கார் கேக்குது. யாரை அனுப்புறது, நீங்க சொல்றது. ஒருத்தரும் பயம் வேண்டாம். எந்த ஆள் என்ன சொன்னது, யாருக்கும் தெரியாது."

ஜனங்கள் கலைந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் அன்று முதல் ஜனங்கள் கணபதியைப் பார்க்கிற பார்வையே மாறியது. ஒருத்தி கருவாட்டுத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் தோளில் கை வைத்து, "ஒனக்கு ஒண்ணுகூட விழாதுப்பா. நிம்மதியா இரு" என்றான். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

பிறகு பானைச் சண்டை வந்தது. ஆபீசுக்குப் பின்னால் சாக்குத் திரை கட்டி, உள்ளே இரண்டு மண்பானை வைப்பதாக ஏற்பாடு. தலைப்பாகை போட்ட பானை கங்காணிக்கு, மண்வெட்டி சாய்த்த பானை கணபதிக்கு. ஆளுக்கொரு தேயிலைக் குச்சி. மேல் லயத்தார், பள்ளத்து லயத்தார் தொட்ட பானையைத் தாங்கள் தொடுவதில்லை என்றார்கள். தனிப்பானை வைத்தால் ரகசியம் போய்விடும் என்றார் தொரை. கடைசியில் கணக்கப்பிள்ளை பானை வாயில் மூங்கில் குழாயைச் செருகினார். பானையைத் தொடாமல் குழாய் வழியாகக் குச்சியைப் போட்டுவிடலாம். அப்புறம் மூங்கிலைத் தொடலாமா என்று ஒரு நாள் பேச்சு நடந்தது.

அது முடிந்ததும் பெண்கள் பிரச்சினை.

"பொம்பளைக்கும் முழுக் குச்சியா? அவுகளுக்குச் சம்பளமே கம்மிதானேங்க" என்றார் கங்காணி.

தொரை வெகுநேரம் புகைக்குழாய் இழுத்துவிட்டு, சமத்துவத்துக்கு இன்னும் காலம் வரவில்லை என்று முடிவு செய்தார். பெண்களுக்கு அரைக் குச்சி. கணக்கப்பிள்ளை கத்தியும் கையுமாக உட்கார்ந்து ஒடித்துத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜனங்கள் கோயிலுக்குப் போவதுபோல் தலைவாரி, துவைத்ததைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியாதவர்களைக்கூடத் தூக்கி வந்தார்கள். திரைக்குள் போனவர்கள் வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தீங்களா தொரை, எம்மேல எம்புட்டு உசுருன்னு" என்றார்.

கணபதி கடைசியாகப் போனான். சாக்குக்குப் பின்னால் யாருமில்லை. தன்னை யாருமே பார்க்காத ஒரு இடத்தில் அவன் அதற்குமுன் நின்றதேயில்லை. தலைப்பாகைப் பானைக்கு நேரே குச்சியை நீட்டினான். கை என்னவோ மண்வெட்டிப் பக்கம் போயிற்று. குச்சி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

கங்காணிக்கு நூற்று அறுபத்து நாலரை. கணபதிக்கு ஒன்று.

"முழுக் குச்சி. ஆம்பளைதான் போட்டிருக்கான்" என்றார் கணக்கப்பிள்ளை.

பெரியாயியின் அரைக் குச்சியும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது என்பது அப்போதுதான் கணபதிக்கு உறைத்தது. தானே கங்காணிக்குப் போடச் சொன்னதுதான். ஆனாலும் கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்தான்.

"எவன்டா அது?" என்றார் கங்காணி.

மற்றவர்கள் உதைபடக் கூடாதே என்று கணபதியே முன்னால் வந்தான். "கை தவறிருச்சுங்க."

அதற்குள் தொரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். எதிர்ப்பு இல்லாமல் தேர்தலுக்கு அழகில்லை என்றார். தொரை முன்னால் கங்காணி சிரித்தார். தொரை பங்களாவுக்குப் போன பிறகு சிரிப்பை நிறுத்தினார். கணபதிக்கு இடது காது பல நாள் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு வேலைக்குப் பேர் போடவில்லை, சம்பளமும் இல்லை. "இனி ஒங்க குறையெல்லாம் நான்தான்டா சொல்லணும்" என்றார் கங்காணி.

பதுளைக்குப் புறப்படும் நாளில், கங்காணியின் தகரப் பெட்டியை ரோட்டு வரைக்கும் சுமக்கிற வேலையும் கணபதிக்கே வந்தது. மழைத் தூறலில் தோட்டமே திரண்டு நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். சிலர் அழுதேவிட்டார்கள். கறுப்புக் கோட்டும் புதுத் தலைப்பாகையுமாகக் கங்காணி மாட்டு வண்டியில் ஏறி, இரண்டு பக்கமும் கும்பிட்டார். அவருக்கும் கண் கலங்கியது.

"நாளைக்கே திரும்பிருவேன்" என்று வண்டிக்காரனிடம் சொன்னது கணபதிக்கு மட்டும்தான் கேட்டது.

வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் கொழுந்தெடுக்கிற கருப்பம்மா அவன் பக்கத்திலேயே நின்றாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, நல்ல காதுப் பக்கமாக வந்து, ஆசையோடு கேட்டாள்:

"தோட்டத்த விட்டு ஓடிப்போனான்னு எம் புருசன இவரு ஒத்த ஆளாப் பிடிச்சு அனுப்புனப்பவே பதுளை செயில்ல ஆறு மாசம் போட்டாங்க, தோட்டமே சேந்து குச்சி போட்டு அனுப்பியிருக்கோமே, இவருக்கு எத்தன வருசம்ப்பா போடுவாங்க?"