மதினி, நீங்கள் வர வேண்டாம்

டார்ம்ஸ்டாட்
18.6.2006

மிகுந்த மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி பிருந்தா வணங்கி எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அதாவது உங்கள் தம்பியும் நிவேதிதாவும் சௌக்கியம். நான் பித்தப்பையில் கற்களோடு சௌக்கியம். பாளையங்கோட்டையில் உங்கள் சௌக்கியத்தையும், அண்ணாச்சியின் சௌக்கியத்தையும், தனியாக அண்ணாச்சியின் முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. விசா கைக்கு வந்துவிட்டது, நீ ஒரு வார்த்தை எழுதினால் மறுநாளே டிக்கெட் எடுத்துவிடுவேன், ஆபரேஷனுக்கு முன்னால் வந்து மூன்று மாதம் இருந்து உன்னைத் தேற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, எனக்குத் தெரியாமல் உங்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிவைத்த உங்கள் தம்பியை ஒரு பார்வை பார்த்தேன். "அக்காதான் கேட்டா, நான் என்ன பண்ண?" என்று உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் ஓடும் டிவிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்த மாதம் முழுவதும் அவருடைய முகம் அங்கேதான் இருக்கும். பதிலை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தால், எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணாச்சி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். போன மாதம் என் பித்தப்பையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலிலிருந்து கீரைக்காரம்மா, "கீழாநெல்லிய அரைச்சுக் குடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றது இங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிரமப்பட்டுக் கிளம்பி வர வேண்டிய அவசியமே இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கமாக எழுதிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் மனம் சமாதானமாகும்.

முதலில், இது பெரிய வியாதியே இல்லை. என் சிநேகிதி வனஜாவை உங்களுக்குத் தெரியும், ஃபோட்டோவில் என் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து, "இது யாரு, உன் தங்கச்சியா?" என்று கேட்டீர்களே, அவள்தான். நாங்கள் இந்த ஊருக்கு வந்த அதே வருஷம் அவர்களும் வந்தார்கள். அடுத்த தெருவில் வீடு. அவளுடைய கணவருக்கு இப்போது பெங்களூரில் வேலை மாறியதால், மே மாதமே வழியனுப்பு விருந்துகள் ஆரம்பித்துவிட்டன. அப்படி ஒரு விருந்தில் மெதுவடை. நான் சாப்பிட்டது கொஞ்சம்தான் என்று டாக்டரிடம் சொன்னேன், உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். "உனக்கு வாயுடி, வேற ஒண்ணுமில்ல" என்று வனஜா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அவள் கணவர் சோடா கொடுத்தார். உங்கள் தம்பி, வலிக்கிற நேரத்தில் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று எங்கோ படித்தாராம், என்னிடம் கார் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசினார். எதற்கும் வலி அடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் மதினி, முன்பின் தெரியாத மனிதரிடம், எடுத்த எடுப்பிலேயே எப்படிப் பத்து என்று சொல்வது? "இரண்டு" என்றேன். கூடவே ஒரு புன்னகையும் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பின்னால், சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவன் தன் காலில் நடந்தே வந்தான், கூடம் அதிர "ஒன்பது" என்றான், எனக்கு முன்னால் உள்ளே போனான். நிவேதிதா பார்த்தாள். "அம்மா, அவர் நம்ம வீட்டுக்கு வந்த கெஸ்ட் இல்ல, டாக்டர். அவர்கிட்ட எதுக்கு மரியாதை?" என்று சொல்லிவிட்டு, நேரே போய் எனக்காக ஒன்பதரை போட்டுவிட்டு வந்தாள். உடனே படுக்கை கிடைத்தது.

ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. மூன்று நான்கு சின்னத் துளைகள் போட்டு எடுத்துவிடுவார்களாம், சில நாளில் வீடு. ஜூலை இருபத்தேழாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கத்திக்கு எனக்குப் பயமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் லேசாக உறுத்துகிறது, அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி வந்தால் எனக்கு ஜெர்மன் போய்விடுகிறது. இத்தனை வருஷம் இங்கே இருந்து, கடையிலும் பள்ளிக்கூடத்திலும் நன்றாகவே பேசுகிறேன். வலித்ததும் ஒரு சொல் மிஞ்சுவதில்லை. அன்றைக்கும் அந்த "இரண்டு" வரைக்கும்தான் வந்தது, அதற்கு மேல் எல்லாம் "அம்மா, அப்பா"தான். மயக்கம் தெளிகிற நேரத்தில் பக்கத்தில் யாராவது தமிழில் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. திட்டினால்கூடப் பரவாயில்லை. அவ்வளவுதான்.

அதற்கு வனஜா இருக்கிறாள் என்று தைரியமாக இருந்தேன். அவள் நேற்றுக் கிளம்பிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லக் கூடாது. போன மாதமே கேட்டாள்: "பிருந்தா, அவர் முதல்ல போகட்டும். உன் ஆபரேஷன் முடிஞ்சதும் நான் பின்னாடி போறேனே. டிக்கெட்டத் தள்ளிப் போடட்டுமா?"

"சேச்சே, வேண்டாம்பா. உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன்.

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி' அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை மதினி. குறைந்தது இன்னும் ஒரு தடவை கேட்பாள், நான் இன்னும் ஒரு தடவை மறுப்பேன், மூன்றாவது தடவை அவள் கோபப்படுவாள், அப்புறம் நான் சரி என்பேன் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இந்த ஊர்க் காற்று அவளையும் மாற்றிவிட்டது. இங்கே யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. மாடியில் இருக்கும் கெல்லர் அம்மா, என் உடம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, எண்ணெய் இல்லாத ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஐயோ, இதெல்லாம் எதற்கு, வேண்டாமே" என்று நான் சொன்னதும், "அப்படியா, நல்லது" என்று தட்டோடு படியேறிப் போய்விட்டார். வாசனை மட்டும் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றது. நீங்கள் பரிமாறுவதை நினைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் இலையைக் கையால் மறைத்தால், கையின் மேலேயே சாம்பார் விழும் என்று பயந்து நாங்களே கையை எடுத்துவிடுவோம். என் மனதுக்கு என்ன வேண்டும் என்று எனக்கே சில சமயம் நாலாவது தடவை கேட்ட பிறகுதான் தெரிகிறது. அது என்ன சுபாவம் என்று இந்த நாற்பத்து மூன்று வயதில் உட்கார்ந்து யோசிக்கிறேன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது, எண்ணெயில் பொரிக்கிற வேலை எதுவும் இல்லாததால்.

ஆனால் இரண்டாவது தடவை கேட்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கதையையும் கேளுங்கள். இந்த நாட்டில் வாடகை வீடு என்றால் வெறும் சுவர்தான். சமையலறை மேடை, அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடியிருப்பவர் வாங்கி மாட்ட வேண்டும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். வனஜா பெங்களூருக்கு எதைக் கழற்றிக்கொண்டு போவாள்? போன மாதக் கடைசியிலேயே சாமான் ஏற்ற அருட்பிரகாசம் அண்ணை வேனோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தா அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு ரொம்ப வேண்டியவர். அவர் என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, இந்தக் குசினி நல்ல சாமான். நீங்கள் எடுங்கோவன்."

"வேண்டாம் அண்ணை."

"கூச்சப்படாதேங்கோ."

"இல்ல அண்ணை, நிஜமாவே வேண்டாம். எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கு."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது" என்று சிரித்தார். எனக்குத்தான் விளங்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், அண்ணையும் உங்கள் தம்பியும் வியர்க்க வியர்க்க வனஜாவின் சமையலறையை எங்கள் கூடத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணை கேட்டார், நீ சரின்னியாமே?" என்கிறார் உங்கள் தம்பி. "தங்கச்சி வாய் துறந்து கேக்க மாட்டா, நாங்கள்தானே அறிஞ்சு செய்யவேணும்" என்கிறார் அண்ணை. அந்த மனுஷரிடம் எப்படித் திருப்பி எடுத்துப் போகச் சொல்வது? உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். ஆக, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் வேண்டாம் என்றதற்கு வேண்டாம் என்றே அர்த்தம் இருந்தது, அன்றைக்குப் பார்த்து அது எடுபடவில்லை. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு சமையலறை. கூடத்தில் அலமாரிகள் நிற்கின்றன, நிவேதிதாவின் அறையில் அடுப்பின்மேல் அவளுடைய புத்தகங்கள், தொட்டியை பால்கனியில் வைத்துக் கொத்தமல்லி விதைத்திருக்கிறேன். நன்றாக முளைத்திருக்கிறது. எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொன்ன மாதத்தில் இரண்டாவது அடுப்பு வந்து சேரும் ராசி எனக்கு மட்டும்தான் இருக்கும்.

நிவேதிதா சேதி. பள்ளி இறுதிப் பரீட்சை நன்றாக முடித்துவிட்டாள். மருத்துவம் படிக்கப் போகிறாள், ஹாலே என்ற தூரத்து ஊரில் இடம் கிடைக்கும் என்று நம்பிக்கையாக இருக்கிறாள். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து பழக வேண்டும் என்பது இங்கே விதி. அதையும் ஹாலேயிலேயே ஏற்பாடு செய்துகொண்டாள், ஜூலை நடுவில் போகிறாள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தலையணை சரிசெய்துகொண்டிருப்பாள், பெற்றவள் தலையணை இங்கே கோணலாகக் கிடக்கும். "நான் இருக்கட்டுமாம்மா?" என்று அவளும் கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நன்றாகப் படிக்கிற பிள்ளை, வழியில் நிற்கக் கூடாது.

ஆனாலும் ஆள் பலம் இருக்கிறது. சாந்தா அக்கா, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ பிள்ளை, டெர்மின் எப்ப எண்டு சொல்லுங்கோ, நான் வாறன்" என்றார். தேதியைச் சொன்னேன். "ஐயோ, அண்டைக்கு டுசல்டோர்ஃபில தங்கச்சியின்ர மகளுக்குப் பதிவுக் கலியாணமெல்லோ. வர ஏலாதே! ஆனா என்ர மனசு முழுக்க உங்களோடதான் நிக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். கடைசியில் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் தம்பி இருக்கிறார். லீவு போட்டுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ரசம் சாதம் ஆகும் என்பதால், போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ரசம் அவரே வைத்தார், நான் நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்திருந்தேன். கட்டிப் பெருங்காயத்தைப் புளி என்று நினைத்து முழுதாகக் கரைத்துவிட்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தோம். கெல்லர் அம்மா இறங்கி வந்து, எரிவாயு கசிகிறதா என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் எரிவாயுவே இல்லை. தாளிப்பு மட்டும் நன்றாக வந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அக்கறையோடு செய்கிறார். மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இருப்பாரா என்று கேட்டேன். "இருப்பேன். என்ன பேசணும்?" என்று கவலையோடு கேட்டார். குறித்து வைத்துக்கொள்ளப் பேனாவும் எடுத்தார்.

இதையெல்லாம் எழுதிப் பார்க்கும்போது, ஏற்பாடுகள் எல்லாம் பக்காவாக இருக்கின்றன என்பது எனக்கே தெளிவாகிறது. உங்களுக்கும் ஆகியிருக்கும். உடம்பு நன்றாகிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டாக்டர் நல்லவர், என் கற்களை 'அழகானவை' என்று பாராட்டினார். வனஜா பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாள், காலையில் ஃபோன் செய்தாள், மழையாம், சந்தோஷமாக இருந்தாள். நிவேதிதா டாக்டராகிவிடுவாள். அண்ணாச்சியை முழங்கால் வலியோடு விட்டுவிட்டு நீங்கள் இத்தனை தூரம் வர வேண்டாம். இங்கே படிக்கட்டு அதிகம், குளிர் வேறு, வீட்டிலும் எங்கே பார்த்தாலும் சமையலறை. நீங்கள் வந்தால் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார மாட்டீர்கள், என் டப்பாக்களையெல்லாம் எடுத்து உயர வரிசையில் அடுக்கி வைப்பீர்கள். எதற்கு அந்தச் சிரமம்.

அண்ணாச்சிக்கு என் நமஸ்காரங்களைச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் வழியாக விசாரித்த அனைவருக்கும் என் நன்றி. உங்கள் ஆசீர்வாதம் ஒன்று இருந்தால் போதும், எங்கே இருந்தாலும் அது வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு
உங்கள் அன்பும் பணிவும் மறவாத
பிருந்தா

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் தம்பி வாங்கிப் படித்தார். "நீ மரியாதைக்கு எழுதியிருக்கேன்னு எனக்குத் தெரியும். அக்கா ஆயுசு பூரா பரீட்சைப் பேப்பர் திருத்தினவ. எழுதினதுக்குத்தான் மார்க் போடுவா, எழுத நினைச்சதுக்குப் போட மாட்டா" என்கிறார். அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வாருங்கள் மதினி. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள், மூன்று மாதமும் இருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன். வரும்போது எங்களுக்காகச் சுமந்துகொண்டு எதுவும் கொண்டுவர வேண்டாம்.