பக்கத்து சீட்டுக்கு மூணு சிப்பம்

"மச்சான், முன்னால பஸ்ஸு!"

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி ரம்ஜான் பீவி அலறிய அலறலில் ஹமீது சுல்தான் பிரேக்கை மிதித்தார். பெடல் பொசுக்கென்று பாதிக்கு மேல் கீழே போய்விட்டது. வண்டி என்னவோ பஸ்ஸுக்கு நாலு அடி தள்ளியே நின்றது. ஆனாலும் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. உச்சிப்புளியோடு காரைத் திருப்பி ராமநாதபுரத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தார்.

தோஹாவில் பதினாலு வருஷமாகக் குடோன் வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் மனைவிக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான். சொந்தக் காரில், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தனுஷ்கோடி வரைக்கும் ஒரு தடவை போய்வருவது. இந்த லீவில்தான் மச்சினன் கபீர் ஒரு பழைய காரைப் பிடித்துக் கொடுத்தான். லீவில் மிச்சமிருப்பது மூன்றே நாள். அதை விட்டால் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் அசாருதீன் வந்து பெடலை நாலு தரம் மிதித்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்குதே காக்கா" என்றான் ஹமீது சுல்தானிடம்.

"வீட்டுல நிக்கும்லே. ரோட்டுலதான் எறங்குது."

"அப்ப பிரேக் பிடிக்கலையோ?"

"நல்லாப் பிடிக்குதே! நான் மிதிக்கிறதுக்கு முன்னாலயே பிடிக்குது."

அசாருதீன் தலையைச் சொறிந்தான். இப்படி ஒரு நோயை அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன மெக்கானிக்?

"பிரேக் லைன்ல காத்து ஏறியிருக்கு. எறக்கிரலாம்" என்றான்.

காற்று இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் நட்டைத் திறந்து மூடவேண்டும். நட்டு திறந்திருக்கும்போது பெடலை விட்டால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். ரம்ஜான் பீவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"லாத்தா, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"விடவே மாட்டேன்."

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. ரம்ஜான் பீவியைக் காரில் காணோம்.

"லாத்தா!"

"கறி அடிப்பிடிச்சா நீயா வந்து சட்டி தேப்ப?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. அதுவரை வீட்டிலாவது ஒழுங்காக நின்ற பெடல், இப்போது எங்கே மிதித்தாலும் தரை வரைக்கும் போனது. பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரை அசாருதீன் கழற்றினான். கழற்றிய கையோடு, பழையது திரும்பப் பூட்ட லாயக்கில்லை என்றும் சொல்லிவிட்டான். மதுரையிலிருந்து புதுசு வந்து, பூட்டி, மறுபடி காற்று இறக்குவதற்குள் ஒன்றரை நாள் போயே போய்விட்டது. இந்தத் தடவை பெடலை அமுக்கியது ஹமீது சுல்தான். குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் அவர் அசையவில்லை.

தேவிபட்டினம் வரை தனியாக ஓட்டிப் பார்த்தார். பெடல் அம்சமாக நின்றது. வந்த வேகத்தில் "ஏறு ரம்ஜான், போவோம்!" என்றார். பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை.

"மச்சான், ஆடு!"

பெடல் இறங்கிவிட்டது.

அசாருதீன் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "காக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. லாத்தா ஏறினாத்தான் எறங்குது. எனக்கென்னமோ வெயிட்டுன்னுதான் தோணுது."

"ஏலே, மெல்லப் பேசுலே. காது கேக்கும் அவளுக்கு."

"டெஸ்ட் பண்ணிருவோம். வீட்டுல அரிசிச் சிப்பம் இருக்குல்ல?"

இருபத்தைந்து கிலோ சிப்பம் மூன்றைப் பக்கத்து சீட்டில் ஏற்றி, மரியாதையாக பெல்ட்டும் மாட்டி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பெடல் இம்மிகூட இறங்கவில்லை. வாசலில் ரம்ஜான் பீவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னது இது?"

"சும்மா... நீன்னு நெனச்சு ஓட்டிப் பாத்தோம்."

"மூணு சிப்பமா?"

"நான் ரெண்டுதான் சொன்னேன் ரம்ஜான். இவன்தான்..."

"பெடல் என்னாச்சு?"

"எறங்கவே இல்ல!" என்றார் சந்தோஷமாக. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"அப்ப மூட்டை ஏறினா ஒண்ணுமில்ல. நான் ஏறினாத்தான் பிரேக் போவுது. பதினாலு வருஷமா போன்லயே கார் ஓட்டுனீங்க. அந்த அரிசியவே தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. உள்ளே போய் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, லீவின் கடைசி நாள். ஹமீது சுல்தான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார்.

"பிரேக் போனா போவுது. இருபதுக்கு மேல ஓட்ட மாட்டேன். நீ இல்லாம அந்தக் கடலை நான் தனியா என்னத்தப் பாக்குறது ரம்ஜான்?"

கதவு திறந்தது. அவள் பிஸ்மில்லா சொல்லி ஏறிக்கொண்டாள்.

சொன்னபடி இருபதில்தான் போனார். சைக்கிள்காரர் ஒருவர் அவர்களை முந்திப் போய், பாவம், திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "மச்சான், சைக்கிளு!" என்றாள், பெடல் இறங்கியது. "மச்சான், வளைவு!" என்றாள், மறுபடி இறங்கியது. மண்டபம் வருவதற்குள் சக்கரத்தில் கருகல் வாடையோடு புகையும் கிளம்பிவிட்டது. பாம்பன் பாலம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஹமீது சுல்தான் ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

"இதுக்கு மேல முடியாது ரம்ஜான். உன்னைய வச்சுக்கிட்டுப் பாலத்துல ஏத்த எனக்குத் தைரியம் இல்ல." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"விடுங்க மச்சான். நம்ம நசீபு இவ்வளவுதான்" என்றாள் அவள். அவளுக்கும் அழுகை முட்டியது.

அங்கே மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்த ஈஸ்வரி, புகையைப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீரோடு ஓடிவந்தாள். ரம்ஜான் பீவி பக்கத்துக் கதவைத் திறந்து தண்ணீரை நீட்டியவள், காலடி இருட்டில் எதையோ குனிந்து பார்த்தாள். பிறகு காரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யய்யோ, மொதல்ல காலை எடுங்கக்கா! நான் பழகுன டிரைவிங் ஸ்கூல் வண்டில்ல இது? நாங்க பயந்தா எங்க சார் மிதிக்கிறதுக்குன்னு இந்தப் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருக்கு. நீங்க பயந்துபோயி அதை மிதிச்சா, அண்ணன் பக்கத்துப் பெடலும் சேந்துதானே எறங்கும்!"