ஆளில்லாமல் விடக்கூடாத நெருப்பு

கீத்லி,
ஞாயிறு மாலை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ரெஜினால்ட் அவர்களுக்கு,

கிளிஃபர்ட் ஓல்ட்ராய்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், கூரை மட்டும் ஒழுகுகிறது. ஸ்கார்பரோவில் உங்கள் முட்டிவலியும், உங்களிடம் வந்திருக்கும் என் மனைவி பெரிலின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். முட்டிவலி மெதுவாகத் தணிந்தாலும் பரவாயில்லை.

மச்சான், என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்காக நான் ஒரு நீராவி எஞ்சினின் ஓட்டுநர் அறையைக் கட்டிவருவது உங்களுக்குத் தெரியும். திரைக்குள்தான் கட்டுகிறேன், ஆனால் ஆணி ஆணியாகக் கட்டுகிறேன். பழைய எஞ்சின் ஒன்றின் அடியில் நான் குப்புறப் படுத்து அளந்தபோது, வெளியே மழையில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் பெரில்தான். அதைத்தான் நாங்கள் கோடை விடுமுறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டோம். மற்றவர்கள் செய்த எஞ்சின்களில் ஒரு பொத்தானைத் தட்டினால் நீராவி தயார். என்னிடம் அந்தக் கதையே கிடையாது. காலையில் நெருப்பு மூட்டினால் சாயங்காலம்தான் வண்டி நகரும். நடுவில் நிறுத்திவைக்கவும் முடியாது. கவனிக்காமல் விட்டால் தண்ணீர் வற்றி, கொதிகலன் வெடித்து, அறை மொத்தமும் அழிந்துபோகும். நகல் எடுத்து வைப்பது ஏமாற்று வேலை என்பதால் அதுவும் இல்லை. எரிகிற எஞ்சினை ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது என்பது நீராவிக்காரர்களின் முதல் சட்டம். அதை மதிக்காதவன் பொம்மை வண்டி ஓட்டட்டும் என்று அதே விளையாட்டில் எஞ்சின் கட்டும் டார்பி ஊர்க்காரர் ஒருவருக்குச் சூடாக எழுதினேன். அந்த மனுஷன், உங்கள் அறையில் தொங்கும் டீத் தூக்குவாளியின் கைப்பிடியே தப்பு என்று பதில் போட்டார். அந்த எரிச்சலில்தான், எங்கள் திருமண ஆண்டு நாளன்று காலையில் நெருப்பை மூட்டித் தொலைத்தேன்.

சாயங்காலம் விடுதியில் வைத்த விருந்துக்குக் கிளம்பி, அவள் நீலப் பட்டு உடுத்தி வாசலில் நிற்கிறாள். இங்கே அழுத்தம் அப்போதுதான் ஏறுகிறது. நீ முன்னால போ, நெருப்பை அணைச்சுட்டு வந்துடறேன் என்றேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன், சத்தியமாக. மற்றதை நீங்களே பார்த்தீர்கள். எனக்குப் போட்ட நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தீர்கள், எனக்கு வைத்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டீர்கள், அவளோடு சேர்ந்து கேக்கையும் வெட்டினீர்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் உங்கள் படத்தின் கீழ் என் பெயர் வந்திருக்கிறது. விடுதிக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கும் நேரத்தில், காரணம் காட்டக் கையில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லாமல் போய் நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அது நிஜ எஞ்சினா இருந்தா உங்களுக்கு என்ன ஆச்சோன்னு பயந்திருப்பேன். இதுக்கு நான் எதைச் சொல்லி அழறது?"

அதோடு உங்களிடம் கிளம்பி வந்துவிட்டாள். டப்பா பயறைச் சூடு பண்ணக்கூடப் பிடிக்காமல் அப்படியே தின்கிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுகிறேன், அப்புறம் ஒன்றை மட்டும் கழுவ வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் மச்சான். கணினிமேல் துணி போட்டு மூடிவிட்டேன். அவளை அனுப்பிவையுங்கள். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்கவே முடியவில்லை.

உங்கள் அடுப்பும் பீர்க் குவளையும் ஒருநாளும் வெறுமையாகாதிருக்க ஆண்டவர் அருளட்டும்.

வருந்தும் மைத்துனன்,
கிளிஃபர்ட்

பி.கு.: துணி போட்டு மூடினேன் என்றது பொய். இன்று காலையிலும் மூட்டியிருந்தேன். இந்தக் கடிதம் எழுதும் மும்முரத்தில் அதைச் சுத்தமாக மறந்துபோனேன். இந்நேரம் வெடித்திருக்குமே என்று பதறி ஓடினால், உள்ளே பெரில் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்து நெருப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருக்கிறாள். முன்கதவு வழியாக எப்போது வந்தாளோ தெரியாது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். தண்ணி அடிமட்டத்துல கிடக்கு. இதை எப்படி அப்படியே விட்டுட்டுப் போறது? சீக்கிரம் வந்து உக்காருங்க, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

நான் போய் உட்கார்ந்தால் அவள் கிளம்பிவிடுவாள். அதனால் டீ போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் நிற்கிறேன். இன்னும் அடுப்பையே பற்றவைக்கவில்லை.