திரைக்குள் நீண்ட கை

வணிகக் கல்லூரியில் அன்று பாடம் நடக்கவில்லை. லாப நட்டம் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் கருத்தரங்கு அறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே கைரேகை ஞானி எழுந்தருளியிருந்தார். முகம் பார்த்தால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தார். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரைக்குள் கையை நீட்ட வேண்டும். உலோகம் பட்டால் கை பேசாதாம். ஊமையாகிவிடும், பாவம்!

துறைத் தலைவர் பதவிக்குப் போட்டி இருவர். ஒருவர் பொருளாதாரப் பேராசிரியை. மாலைநேர வகுப்பில் தொடங்கி, பாடம் சொல்லியே தலை நரைத்தவர். ‘விலைவாசி டீச்சர்’ என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவன் கல்லூரி முதல்வர் அம்மாவின் கொழுந்தன். ஞானியைத் தன் காரில் அழைத்துவந்த புண்ணியவான். ஞானி கை காட்டும் ஆளுக்கே பதவி என்று முதல்வர் அம்மா அறிவித்துவிட்டார்.

கொழுந்தன் கை நீட்டினான்.

“ஆகா! தலைமைக்குன்னே பிறந்த கை!” என்றது திரை.

“அடுத்து, பொருளாதார டீச்சர்!” என்று உரக்கக் கூவிவிட்டு, வாழ்த்து வாங்க வெளியே போனான் அவன்.

டீச்சருக்கு அந்தக் கூவல் உறுத்தியது. முகம் பார்க்காதவருக்கு ஆள் விவரம் எதற்கு? முதல்வர் அம்மாவின் காதருகே குனிந்தார்.

“மேடம், எனக்குப் பதிலா நீங்க கையை நீட்டுங்களேன்.”

“ஏம்மா, பயமா?” என்று அவரும் கிசுகிசுத்தார்.

“பயமில்லை மேடம். எதையும் ரெண்டு தடவை சோதிக்காம நான் வகுப்புல சொன்னதில்லை. காலையில உங்களுது ராணி கைன்னாரே, இப்பவும் சொல்றாரா பார்ப்போம்.”

“சொல்லாம? கண்ணை மூடிட்டுச் சொல்வார்!”

முதல்வர் அம்மா பெருமையோடு வளையலைக் கழற்றிக் கையை நீட்டினார்.

“ச்சேச்சே! இந்தக் கைக்கு நிர்வாகம் சுட்டுப் போட்டாலும் வராது. மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க!”

திரை படாரென்று விலகியது.

“யோவ், யாரை வீட்டுக்கு அனுப்புற?”

ஞானி திருதிருவென விழித்தார். “அம்மா... கை மாறிப்போச்சு...”

“மாறலைய்யா, என் தோள்லதான் ஒட்டிட்டிருக்கு!”

ஞானிக்கு முன்பே கொழுந்தனின் கார் கிளம்பிவிட்டது. “இனிமே பாடம் நடத்துறதைப் பார்த்தே பதவி கொடுப்போம்,” என்று முனகியபடி வளையலைத் தேடினார் முதல்வர் அம்மா.

வெளியே வரிசை இன்னும் கலையவில்லை.

“அப்ப நாங்க கையை எங்க நீட்டுறது டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி, ஏமாற்றத்தோடு.

“அந்தக் கையால உன் தலையைத் தொட்டுப் பாரு. இருக்குல்ல? அதையும் எடுத்துக்கிட்டு வகுப்புக்கு வா.”